நடுவில் நிற்காத குரல்

கப்பல்காரர் வீட்டு ஹாலில் இரண்டு ஸ்பீக்கர்களும் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வந்து நின்றபோது மணி பத்தரை. நெஞ்சு உயரம் இருந்தன. ஒவ்வொன்றும் நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. கடை வேனில் வந்த இரண்டு பேரும் அவற்றைத் தூக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே மாடிப்படி இறங்கிப் போய்விட்டார்கள். இனி உள்ள வேலை டேப்பக்காவுடையது.

கடையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இடுப்பில் அளவு டேப், தோள்பையில் தரையில் ஒட்டும் டேப், ஒரு சின்ன ரசமட்டம். இவற்றோடு பதினாறு வருடங்களாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரை விற்பது முதலாளியின் வேலை. வாங்கியவர் வீட்டில் அதை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் நிறுத்தினால் பாட்டு பாட்டாகக் கேட்கும் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. "கடைக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கேன், வேனுக்குப் போட்டிருக்கேன். இந்தம்மா காதுக்குத்தான் எவனும் போட மாட்டேங்குறான்" என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

கப்பல்காரர் என்றால் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஆறு மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். இந்த விடுமுறையில் ஹாலுக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்கியே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கியிருந்தார். அவருடைய மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, டியூஷன் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஹாலின் அந்தப் பக்கத்தில் சுவர் இல்லை. ஹாலும் சாப்பாட்டு இடமும் ஒன்றாகத் திறந்து கிடந்தன. எதிர்ப்பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல்.

"மூலைல வெச்சா இடம் அடைக்காதுல்ல?" என்று மனைவி கேட்டார்.

"மூலைல வெச்சா பானைக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கும் மேடம். சுவத்த விட்டுக் கொஞ்சம் முன்னாடி வரணும்."

"கேட்டுக்கோ" என்றார் கப்பல்காரர், தான் சொல்ல வேண்டியதை இன்னொருவர் சொல்லிவிட்ட திருப்தியில்.

டேப்பக்கா பின்சுவரிலிருந்து இரண்டடி அளந்தாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஒவ்வொன்றிலிருந்தும் நாற்காலிக்கு ஏறக்குறைய அதே தூரம் வரும்படி தரையில் டேப் ஒட்டினாள். இரண்டின் முகத்தையும் நாற்காலியைப் பார்த்து லேசாகத் திருப்பினாள். பிறகு எப்போதும் போடுகிற பதிவைப் போட்டாள். ஒரே ஒரு பெண் குரல், பக்கவாத்தியம் எதுவும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தால் அந்தக் குரல் இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் வருவதுபோல் இருக்காது. இரண்டுக்கும் நடுவே, வெறும் சுவரில், யாரோ நின்று பாடுவதுபோல் இருக்கும்.

குரல் நடுவில் நிற்கவில்லை. ஜன்னல் பக்கமாக, வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அவள் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடி சத்தத்தைத் திருப்பி அடிக்கும். சுவரில்லாத பக்கம் சத்தம் சாப்பாட்டு மேசையைத் தாண்டிச் சமையலறைக்கே போய்விடும். இப்படிப்பட்ட ஹால்கள் அவளுக்குப் புதிதல்ல. ஜன்னலுக்குத் திரையை இழுத்துவிட்டாள். இடது ஸ்பீக்கரை இரண்டு விரல்கடை முன்னால் நகர்த்தினாள். குரல் நகரவில்லை. இன்னும் நான்கு விரல்கடை நகர்த்தி, முகத்தை நன்றாக உள்பக்கம் திருப்பினாள். குரல் கொஞ்சம் அசைந்து, பிறகு மறுபடி ஜன்னலோரம் போய் ஒண்டிக்கொண்டது.

ஆம்ப்ளிஃபையரின் பின்னால் போய் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் போட்டாள். கோளாறு ஆம்ப்ளிஃபையரில் இருந்தால் இப்போது குரல் இடது பக்கம் தாவியிருக்க வேண்டும். தாவவில்லை. கப்பல்காரரைக் கூடப் பிடிக்கச் சொல்லி, ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினாள். இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது. குரல் நின்ற இடத்திலேயே நின்றது.

"பிடிவாதக்காரியா இருப்பா போல" என்றார் கப்பல்காரர் மூச்சு வாங்க.

டேப்பக்கா சிரிக்கவில்லை. பதினொன்றரை ஆகியிருந்தது. வழக்கமாக இந்நேரம் முதல் அடையாளங்களைப் போட்டு முடித்து டீ குடித்துக்கொண்டிருப்பாள். இடது ஸ்பீக்கரை மேலும் ஒரு சாண் முன்னால் கொண்டுவந்து, அதைத் தன் நெற்றிக்கு நேராகத் திருப்பினாள். இப்போது குரல் ஏறத்தாழ நடுவுக்கு வந்ததுபோல் இருந்தது.

"வந்துருச்சு சார். உக்காந்து பாருங்க."

கப்பல்காரர் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். தலையாட்டினார். "அருமை. நீயும் வந்து கேளு" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

மனைவி சிவப்புப் பேனாவோடு வந்து உட்கார்ந்தார். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. "இடது பக்கத்துல இருந்துதானே பாடுது? வலது பக்கம் ஆன்ல இருக்கா?"

"உனக்கு என்ன தெரியும்? பதினாறு வருஷமா இதையே செய்றவங்க சொல்றாங்க, நடுவுல இருக்குன்னு."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. காதுல விழுந்தத சொன்னேன்" என்று அவர் நோட்டுகளிடம் திரும்பிப் போனார்.

டேப்பக்கா குனிந்து மறுபடி அளந்தாள். அளவுகள் அந்த அம்மாளின் பக்கம்தான் இருந்தன. ஒரு சாண் முன்னால் இழுத்து நெற்றிக்கு நேராகத் திருப்பிய ஸ்பீக்கர் இடது பக்கம்தான் கேட்க வேண்டும். தரையில் ஒட்டிய டேப்பைப் பார்த்தாலே தெரிந்தது. ஒன்று கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல் முன்னால் நின்றது, இன்னொன்று போக மனமில்லாமல் பின்னால் நின்றது.

நாற்காலிக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து எதிரொலி வருகிறதா என்று பார்க்க அவள் சில வீடுகளில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கேட்பதுண்டு. வேறெதுவும் தோன்றாததால் இப்போதும் அதைச் செய்தாள். முதலில் ஸ்பீக்கர்களைத் தொடக்கத்தில் ஒட்டிய அடையாளத்துக்கே கொண்டுபோனாள். பிறகு நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தாள். குற்றம் கண்ணாடியுடையது என்றால், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாலும் குரல் கண்ணாடிப் பக்கமே இருக்க வேண்டும்.

குரல் சாப்பாட்டு மேசைப் பக்கத்திலிருந்து வந்தது.

அவள் எழுந்து நாற்காலியை நேராகப் போட்டு உட்கார்ந்தாள். குரல் ஜன்னலுக்குப் போயிற்று. மறுபடி திருப்பினாள். மேசைக்கு வந்தது. ஹால் அப்படியேதான் இருந்தது. ஸ்பீக்கர்கள் அப்படியேதான் இருந்தன. குரல் அவளுடைய வலது காதின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தபோது இடது காது அடைத்துக்கொண்டதை நினைத்தாள். தண்ணீர் புகுந்திருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டினாள். பிறகு சளி என்று நினைத்தாள். உள்ளே ஃபிரிட்ஜ் ஓடுவதுபோல் ஓயாமல் ஓர் இரைச்சல். நேற்றுச் சாயங்காலம் கணவர் இடது பக்கத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லையாம். கோபம் என்று எண்ணி, தான் செய்த தப்பு என்னவென்று தெரியாமலே அவர் டீ போட்டுக்கொண்டு வந்து நீட்டினார். அவளும் எதற்கென்று கேட்காமல் வாங்கிக் குடித்தாள். இதையெல்லாம் அவள் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவே இல்லை. போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பாள்.

"என்னம்மா, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?" என்றார் கப்பல்காரர்.

"ஒண்ணுமில்ல சார். ஹால் கொஞ்சம் தகராறு பண்ணுது. வியாழக்கிழமை வந்து முடிச்சுத் தர்றேன். அதுவரைக்கும் இப்படி இருக்கட்டும்." இடது ஸ்பீக்கரை மறுபடி அந்த ஒரு சாண் முன்னால் இழுத்து, தனக்கு நடுவாகத் தோன்றிய இடத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் யோசித்தபோது அவளுக்கே விளங்கவில்லை. தன் காதை அந்த நிமிடத்தில் பொய்யாக்க அவளுக்கு மனம் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மாடிப்படித் திருப்பத்தில் நின்று, வலது காதுக்குப் பக்கத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிப் பார்த்தாள். சரசரவென்று கேட்டது. இடது காதுக்குப் பக்கத்தில் உரசினாள். இரைச்சல் மட்டும் இருந்தது. இன்னும் அழுத்தி உரசினாள். நகத்தைத் தட்டினாள்.

"இத விட்டுட்டு வந்துட்டீங்க."

கப்பல்காரரின் மனைவி மேல்படியில் அளவு டேப்போடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. இறங்கி வந்து டேப்பைக் கையில் கொடுத்தார். கொடுத்த கையை உடனே எடுக்கவில்லை.

"எப்பருந்து கேக்கல?"

"கேக்குது மேடம். சளி..."

"எப்பருந்துன்னு கேட்டேன்."

"ஞாயித்துக்கிழமை."

"இன்னைக்குச் செவ்வாய். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போயிட்டு, சாப்பிட்டுட்டு, அதெல்லாம் வேணாம். என் அண்ணனுக்கு இதேதான். சளின்னு சொல்லி மூணு வாரம் கஷாயம் குடிச்சுக்கிட்டு இருந்தான். அப்புறம் போனா, 'முதல் வாரத்துலயே வந்திருந்தா மருந்து கேட்டிருக்கும்'னு டாக்டர் கையைப் பிசைஞ்சாரு. இன்னைக்கு வரைக்கும் அந்தக் காது அவ்வளவுதான்."

டேப்பக்கா குரலைத் தாழ்த்தினாள். "சார்கிட்ட சொல்லிடாதீங்க மேடம். கடைக்குத் தெரிஞ்சா..."

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க போங்க முதல்ல."

பஸ் நிறுத்தத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் ஒன்று வந்து போனது. அவள் ஏறவில்லை. போகாத வரைக்கும் அது சளி. போய் அவர்கள் வாயால் சொல்லிவிட்டால் அது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பஸ்ஸும் வந்து போனது. அப்புறம் கணவருக்குப் போன் செய்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்றுகொண்டு பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சொல்லு. ஒண்ணும் கேக்கல இங்க."

"எனக்கும்தான் கேக்கல" என்று சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் வேலையை உதவியாளிடம் விட்டுவிட்டு, கிரீஸ் கறை படிந்த சட்டையோடு அரை மணி நேரத்தில் பைக்கில் வந்து சேர்ந்தார். காரணம் எதுவும் கேட்கவில்லை. "ஏறு" என்றார்.

காது டாக்டர் நடுத்தர வயதுப் பெண். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "அழுக்கும் இல்ல, சீழும் இல்ல" என்றார். அது நல்ல செய்திபோல் தோன்றியது. டாக்டரின் முகம் அப்படிச் சொல்லவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து இரட்டைக் கால் உள்ள ஓர் இரும்புக் கவட்டையை எடுத்து, முழங்கையில் தட்டி அதிரவைத்து, அதன் அடியை டேப்பக்காவின் நெற்றி நடுவில் ஊன்றினார்.

"சத்தம் எந்தப் பக்கம் கேக்குது? இடமா, வலமா, நடுவுலயா?"

நெற்றிக்குள் மெல்லிய ரீங்காரம். அது கொஞ்சமும் தயங்காமல் வலது பக்கம் போய் நின்றது.

"வலது."

"நல்லா கவனிச்சுச் சொல்லுங்க."

"வலதுதான் டாக்டர். எனக்குத் தெரியும். என் தொழிலே இது."

டாக்டர் கவட்டையைக் கீழே வைத்தார். "சளி அடைப்பா இருந்தா இந்தச் சத்தம் கெட்ட காதுப் பக்கம் கேட்டிருக்கும். நல்ல காதுப் பக்கம் போகுதுன்னா உள்ள நரம்புலதான் பிரச்சினை. டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. இன்னைக்கே மருந்து ஆரம்பிக்கணும்."

டெஸ்ட் அறை ஒரு பீரோ அளவுதான் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னாள் டெஸ்ட் எடுக்கும் பெண். முதலில் வலது காது. கடுகு விழுவதுபோன்ற சத்தத்தைக்கூட டேப்பக்கா விடவில்லை. சின்னக் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் புருவத்தை உயர்த்திப் பாராட்டுவது தெரிந்தது.

பிறகு இடது காது. இரைச்சல். காத்திருந்தாள். இரைச்சல். இந்நேரம் ஒரு சத்தம் வந்து போயிருக்கும் என்று பட்டது. வலது காதுக்கு எத்தனை விநாடி இடைவெளியில் வந்தது என்பது அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. அந்தக் கணக்கில் ஒரு தடவை அழுத்தினாள். இன்னொரு தடவை அழுத்தினாள். பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்க்கிற பிள்ளைபோல் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாவது தடவையும் அழுத்தினாள்.

கதவு திறந்தது. டெஸ்ட் எடுக்கும் பெண் உள்ளே வந்து மண்டியிட்டு, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, நான் சத்தமே குடுக்கல."

டேப்பக்கா பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க. தப்பில்ல. ஆனா நீங்க அழுத்துறத வெச்சுத்தான் டாக்டர் மருந்து எழுதுவாங்க. கேக்கலன்னா கேக்கலன்னே இருக்கட்டும்."

மறுபடி ஆரம்பித்தார்கள். அதன் பிறகு நெடுநேரம் அவள் எதையும் அழுத்தவில்லை.

டாக்டர் தாளைக் காட்டினார். வலது காதின் கோடு மேலே நேராக ஓடியது. இடது காதின் கோடு தாளின் அடிவரை இறங்கிக் கிடந்தது. மாத்திரை இன்றிலிருந்தே, காதுக்குள் நேரடியாக ஊசி வாரம் ஒன்று, மூன்று வாரம். "சில பேருக்கு முழுசா திரும்பும். சில பேருக்குப் பாதி. சில பேருக்கு வராது. சீக்கிரம் வந்திருக்கீங்க, அது நல்லது. வேற எதுவும் நான் உறுதியா சொல்ல முடியாது."

"எதுனால டாக்டர் வந்துச்சு? எப்பவும் ஸ்பீக்கர் பக்கத்துலயே..."

"அதனாலன்னு சொல்ல முடியாது. பெரும்பாலும் காரணமே தெரியாது."

கணவர் வெளியே வந்ததும் முதல் மாத்திரையைக் கையில் கொட்டி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "உனக்கு வேலை போனா என்ன, நான் இல்லையா" என்று சொல்ல வாயெடுத்திருப்பார் போல. அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சோறு பற்றிய கவலை இல்லை அது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமையும் ஒன்றும் நடக்கவில்லை. அவள் வீட்டில் குழாயைத் திறப்பாள், வலது காதைப் பொத்திக்கொள்வாள், மூடுவாள். கடிகாரத்தைக் காதில் வைப்பாள். கணவர் சாவிக்கொத்தை ஒளித்து வைத்தார், அவள் அதைக் குலுக்கிக் குலுக்கிக் கேட்டுக்கொண்டிருந்ததால். கடைக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் முதலாளி கூப்பிட்டார்.

"காய்ச்சல் எப்படி இருக்கு? சரி, இத கேளு. கப்பல்காரர் வீட்ல வலது ஸ்பீக்கர் அவுட் போல. அவர் ஃபிரெண்ட் ஒருத்தர் வந்து கேட்டுட்டு, சத்தம் முழுக்க இடது பக்கமே இருக்கு, வலது பக்கம் செத்துக் கெடக்குன்னு சொல்லியிருக்காரு. நான் கம்பெனிக்காரன பிடிச்சு லெஃப்ட் ரைட் வாங்கிட்டேன். சனிக்கிழமை பீஸ திருப்பி அனுப்பறேன். நீ அன்னைக்குப் பாக்கறப்பவே தெரியலையா?"

டேப்பக்கா போனைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்தாள். "ஆமாங்க, பீஸ் அவுட்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஸ்பீக்கர் பேசாது. கம்பெனிக்காரன் வேறு அனுப்புவான். அவளைப் பற்றி யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள்.

"நான் நாளைக்கு நேர்ல வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை கடையில், பாட்டுக் கேட்டுப் பார்க்கும் உள்ளறையின் கதவை மூடிவிட்டு, ஆஸ்பத்திரித் தாளை மேசைமேல் வைத்தாள். "ஸ்பீக்கர் நல்லா இருக்குங்க. எனக்குத்தான் கேக்கல. அத தெரிஞ்சுக்கிட்டுத்தான் தப்பா வெச்சுட்டு வந்தேன்."

முதலாளி தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், நேராக்கிப் பார்த்தார். கடையில் யாரோ ஹெட்போன் விலை கேட்பது கேட்டது. "எந்தக் காது?" என்றார்.

"இடது."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

அவள் எதிர்பார்த்தது அந்தக் கேள்வி அல்ல. எதிர்பாராததும் அல்ல. "கப்பல்காரர் வீட்டம்மாவுக்குத் தெரியும்."

"போச்சு" என்று அவர் நெற்றியில் கை வைத்தார். "உன் காத சொல்லிச் சொல்லித்தானே நான் யாவாரம் பண்றேன். சரி, நீ ஒரு ரெண்டு மாசம் ரெஸ்ட் எடு. அப்புறம் பாக்கலாம். கௌன்டர்ல, பில் போடுற எடத்துல... ஏதாவது பாக்கலாம்."

"நாளைக்கு அந்த வீட்ட நான் போய் முடிச்சுத் தந்துடறேன். அதுக்கப்புறம் நீங்க சொல்ற மாதிரி."

"காது இல்லாம என்னத்த முடிப்ப?"

"ஒண்ணு இருக்குல்ல" என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை கப்பல்காரர் வாசலிலேயே, "புது பீஸ் எங்க?" என்று கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் டேப்பக்கா சொல்லி முடித்துவிட்டாள். வரிசையாக எடுத்துச் சொல்ல அவளுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, காது, நாற்காலி, தப்பாக வைத்தது, மன்னிப்பு எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தன.

அவர் சோபாவில் உட்கார்ந்தார். முகம் இறுகியிருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் மனைவியைத்தான் பார்த்தார்.

"நீ அன்னைக்கே சொன்ன."

"சொன்னேன்."

"நான் கண்ண மூடித் தலையாட்டினேன்." டேப்பக்கா பக்கம் திரும்பினார். "எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே தெரியலம்மா. இடமும் தெரியல, நடுவும் தெரியல. இருபத்திரண்டு வருஷம் இன்ஜின் ரூம்ல. நல்ல ஸ்பீக்கரா வாங்கினா எனக்கும் கேக்கும்னு நெனச்சேன். நீங்க நடுவுல இருக்குன்னீங்க, சரின்னேன்."



"அப்ப இந்த வீட்ல முழுசாக் காது கேக்குற ஆள் நான் ஒருத்திதானா?" என்றார் மனைவி. கப்பல்காரர் முதலில் முறைத்தார், பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். டேப்பக்காவுக்கும் ஐந்து நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

மனைவியையே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டேப்பக்கா ஸ்பீக்கர்களை அளவுப்படி நிறுத்திவிட்டு, குரலைப் போட்டாள். தான் கேட்க முயலாமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

"எங்க நிக்கிறாங்க மேடம், பாடுறவங்க?"

"எங்க நிக்கிறாங்கன்னா?"

"ஸ்பீக்கர மறந்துடுங்க. சுவத்த பாருங்க. ஒரு ஆளு நிக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டுக் கையை நீட்டிக் காட்டுங்க."

அவர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். நடுவுக்குக் கொஞ்சம் ஜன்னல் பக்கம். டேப்பக்கா அந்தக் கை காட்டிய இடத்தில் சுவரில் ஒரு துண்டு டேப் ஒட்டினாள். திரையை இழுத்தாள். கை ஒரு சாண் நகர்ந்தது. இடது ஸ்பீக்கரை ஒரு விரல்கடை முன்னால் கொண்டுவந்தாள்.

"இப்ப?"

"இப்ப நடுவுக்கு வந்துட்டாங்க. ஆனா ரொம்பப் பின்னாடி போய், சுவத்தோட ஒட்டிக்கிட்டுப் பாடுறாங்க."

டேப்பக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இந்தப் பதினாறு வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் கேட்காமலே அப்படிச் சொன்னதில்லை. அவள் யாரையும் கேட்டதும் இல்லை. இரண்டு ஸ்பீக்கரையும் சுவரிலிருந்து இன்னும் முக்கால் அடி முன்னால் நகர்த்தினாள். முகங்களை ஒரு நூல் வெளிப்பக்கம் திருப்பினாள்.

அந்த அம்மாள் கையை நீட்டவில்லை. மடியில் வைத்திருந்த கை அப்படியே இருந்தது. பாட்டு முடியும்வரை எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "இன்னொரு தடவ போடுங்க" என்றார். கப்பல்காரர் சோபாவிலிருந்து மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பக்காவும் அதையேதான் பார்த்தாள். தன் காதில் குரல் இன்னும் ஜன்னலோரம்தான் நின்றது. அந்த முகத்தைப் பார்த்து, அது நடுவில் நிற்கிறது என்று நம்பித் தரையில் கடைசி அடையாளத்தை ஒட்டினாள்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு மறுபடி அந்தப் பஞ்சு மெத்தை அறையில் உட்கார்ந்தாள். கேட்காதபோது அழுத்தவில்லை. கேட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தபோதும் அழுத்தவில்லை. தாளில் இடது கோட்டின் தொடக்கம் மேலே ஏறியிருந்தது. தடித்த சத்தங்கள் ஏறக்குறைய திரும்பிவிட்டன. பாதிக்குமேல் கோடு சறுக்கிக் கீழேயே கிடந்தது. பறவை, விசில், சொற்களின் ஓரத்தில் வரும் 'ஸ்' எல்லாம் அந்தப் பாதியில்தான் இருந்தன.

"இனிமே ஏறுமா டாக்டர்?"

"கொஞ்சம் ஏறலாம். இதோடயே நின்னுடலாம். மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்."

முதலாளி அவளைப் பில் போடும் இடத்தில் உட்காரவைத்தார். பத்து நாள் உட்கார்ந்தாள். அந்தப் பத்து நாளில் வேறு ஓர் ஆளை இரண்டு வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு வீட்டிலிருந்தும் தடித்த பாஸ் சத்தம் மட்டும் முழங்குகிறது என்று புகார் வந்தது. பதினோராம் நாள் அவர் கௌன்டர் பக்கம் வந்து, அவளைப் பார்க்காமல் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "ஒரு வீடு இருக்கு. போறியா?" என்றார். "ஆனா அந்த விஷயம்..."

"அத நான் சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பேன்" என்றாள். "சொல்லக்கூடாதுன்னா வேற ஆள அனுப்புங்க."

அவர் புத்தகத்தை மூடி, முகவரிச் சீட்டைக் கொடுத்தார்.

அந்த வீட்டுக்காரர் ஒரு வங்கி அதிகாரி. எடுத்ததற்கெல்லாம் கேள்வி கேட்பவர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஹால் நீளமாகவும் குறுகலாகவும் இருந்தது. ஸ்பீக்கர்கள் பெட்டியை விட்டு வெளியே வந்து நின்றன. டேப்பக்கா அளவு டேப்பை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. 

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் சார். எனக்கு இடது காது பாதிதான் கேக்கும். அளவு, கோணம் எல்லாம் நான் பாத்துக்கறேன். ஆனா நாற்காலில நீங்கதான் உக்காரணும். நான் கேக்கறதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, கடைல வேற ஆள் இருக்காங்க."

அவர் அவளையும் ஸ்பீக்கர்களையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடையின் நம்பர் இருக்கிறதா என்று பார்க்கப்போவதுபோல் போனைக் கையில் எடுத்தார். அவள் காத்துக்கொண்டு நின்றாள். தெருவில் ஏதோ வண்டி பின்னோக்கி வரும் சத்தம் வலது பக்கம் மட்டும் கேட்டது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் அவர்.

"மத்தியானம் வரைக்கும் ஆகும் சார்."

அவர் போனை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.